பெப்டைடு வாங்கும்போது சான்றிதழில் ஏமாறும் இடங்கள்

ஆய்வகத்துக்குப் பெப்டைடு (அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலி) வாங்குகிறவர்கள் அதனுடன் வரும் பகுப்பாய்வுச் சான்றிதழைப் பிரித்ததும் தேடுவது ஒரு சதவீதத்தைத்தான். ‘தூய்மை 98%’ என்று கண்ணில் பட்டால் ஆர்டர் போய்விடுகிறது. குப்பியில் உள்ள தூளில் 98 பங்கு பெப்டைடு என்று அந்த எண் எங்கும் சொல்லவில்லை. எச்.பி.எல்.சி., அதாவது கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து வரைபடத்தில் முகடுகளாகக் காட்டும் கருவி, பெரும்பாலும் 214 அல்லது 220 நானோமீட்டரில் புற ஊதா ஒளியை உறிஞ்சும் பொருள்களை அளக்கிறது. அப்படிப் பதிவானவற்றுக்குள் நமக்கு வேண்டிய பெப்டைடின் பங்குதான் அந்த 98. ஈரமும் உப்பும் அதில் சேர்த்தியில்லை.

ரத்த அழுத்தத்தை உயர்த்தும் பெப்டைடான ஆஞ்சியோடென்சின் 2-ஐ எடுத்துக்கொள்வோம். எட்டு அமினோ அமிலங்கள், மூலக்கூறு எடை 1046. சுத்திகரிப்பில் பயன்படும் டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலம், அதாவது டி.எஃப்.ஏ., பெப்டைடின் காரத்தன்மையுள்ள இடங்களில் உப்பாக ஒட்டிக்கொள்ளும். இதில் அப்படி மூன்று இடங்கள்: முனையிலுள்ள அமினோ தொகுதி, ஆர்ஜினின், ஹிஸ்டிடின். மூன்றிலும் 114 எடையுள்ள டி.எஃப்.ஏ. ஏறினால் மொத்த எடை 1388 ஆகிவிடும். அப்படியென்றால் ஒரு மில்லிகிராம் தூளில் பெப்டைடு ஏறக்குறைய முக்கால் மில்லிகிராம்தான். ஈரத்தை இன்னும் கழிக்கவில்லை. எடை போட்டு நேராகக் கரைப்பவரின் கரைசல் கால் பங்குக்கு மேல் நீர்த்துப்போயிருக்கும். அதை வைத்து வரைந்த செறிவு வரைபடங்கள் எல்லாமே தள்ளி நிற்கும். எனவே நிகர பெப்டைடு அளவு எவ்வளவு என்று தனியாகக் கேட்க வேண்டும். அமினோ அமிலப் பகுப்பாய்வு அல்லது நைட்ரஜன் அளவீட்டின் மூலம் அதைச் சொல்வார்கள். பல இடங்களில் இதற்குத் தனிக் கட்டணம் உண்டு; கொடுப்பது தகும்.

எந்த உப்பு என்பதையும் கேளுங்கள். எலும்பை உருவாக்கும் செல்களின் பெருக்கத்தை டி.எஃப்.ஏ. குறைக்கிறது என்று 1999-லேயே ஆய்வுக்கட்டுரை வந்துவிட்டது. செல் வளர்ப்பில் வேலை செய்பவர்கள் அசிட்டேட் அல்லது ஹைட்ரோகுளோரைடு உப்பாக மாற்றித் தரச் சொல்லலாம்.

அடுத்த தவறு, மாதிரிச் சான்றிதழை நம்முடைய சான்றிதழாக எண்ணிக்கொள்வது. இணையதளத்தில் வைத்திருக்கும் பி.டி.எஃப். எப்போதோ தயாரித்த ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதிக்கு, உரியது. குப்பியின் லேபிளில் இருக்கும் லாட் எண்ணும் சான்றிதழில் இருக்கும் லாட் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால், எவ்வளவு அழகான அச்சாக இருந்தாலும் அது நம் குப்பியைப் பற்றிய சாட்சியம் அல்ல. முடிந்தால் ஒரே பெப்டைடின் இரண்டு லாட்டுகளுக்கான சான்றிதழ்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகடு வெளிவந்த நேரம் மூன்று தசம இடம் வரை ஒன்று, பரப்பளவு எண்ணும் ஒன்று என்றால், படத்தை ஒட்டிவிட்டுத் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். உண்மையான இரண்டு ஓட்டங்கள் அப்படி அச்சு அசலாக அமைவதில்லை.

எச்.பி.எல்.சி. வரைபடத்தில் அலைநீளமும், பொருள்களைப் பிரிக்கும் குழாயின் (column) வகையும், கரைப்பான் விகிதம் மாறும் வேகமும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 280 நானோமீட்டரில் எடுத்த படம் என்றால் டிரிப்டோஃபேனோ டைரோசினோ இல்லாத கலப்படங்கள் பெரும்பாலும் தெரியவே தெரியாது. கரைப்பான் விகிதத்தை மிக வேகமாக மாற்றினால் அருகருகே வர வேண்டிய மாசுகள் பிரதான முகட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

மூலக்கூறின் எடையை அதன் மின்னூட்டத்தால் வகுத்துக் காட்டும் மாஸ் ஸ்பெக் அறிக்கை அடையாளத்துக்கானது. ஆஞ்சியோடென்சின் 2 என்றால் ஒற்றை மின்னூட்டத்தில் 1046.5, இரட்டை மின்னூட்டத்தில் 523.8 அருகே முகடு வர வேண்டும். படம் இல்லாமல் ‘பொருந்துகிறது’ என்ற ஒரு சொல்லோடு முடியும் அறிக்கை போதாது. படம் சரியாக இருந்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. லியூசினும் ஐசோலியூசினும் ஒரே எடை. ஐந்தாவது இடத்தில் இருக்க வேண்டிய ஐசோலியூசினுக்குப் பதில் லியூசின் புகுந்தாலும் எடை அப்படியே இருக்கும். கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாறிய அமினோ அமிலத்தையும் எடை காட்டிக்கொடுக்காது.

‘மூன்றாம் தரப்புச் சோதனை’ என்ற முத்திரையைக் கண்டு மயங்குவோர் அதிகம். சோதனைக்கு அனுப்பிய மாதிரியைத் தேர்ந்தெடுத்தது யார்? பெரும்பாலும் விற்பவரேதான். ஆய்வகம் தனக்கு வந்த மாதிரிக்கு மட்டுமே பொறுப்பேற்கும். இந்திய ஆய்வகம் என்றால் ஆய்வகத் திறனுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு, இந்தக் குறிப்பிட்ட சோதனை அந்த அங்கீகாரத்தின் எல்லைக்குள் வருகிறதா என்றும் அதை வழங்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் தளத்தில் பார்த்துவிடலாம். அறிக்கை எண்ணைச் சரிபார்க்கும்போது விற்பவர் தந்த இணைப்பைத் தொடாமல், ஆய்வகத்தின் முகவரியை நீங்களே தேடிப் போங்கள்.

சான்றிதழில் இல்லாததையும் படிக்க வேண்டும். பாக்டீரியாவின் வெளிச்சுவரிலிருந்து வரும் நச்சான எண்டோடாக்சின் எச்.பி.எல்.சி. தூய்மைக் கணக்கில் சிக்காது. கிருமியற்ற நிலையை அந்தக் கருவியால் சொல்லவும் முடியாது. மேக்ரோஃபேஜ் எனும் நோயெதிர்ப்புச் செல்கள் மிகச் சொற்ப எண்டோடாக்சினுக்கே கிளர்ந்தெழும். பெப்டைடின் விளைவு என்று எழுதிய முடிவு பாக்டீரியா நச்சின் விளைவாக இருக்கக்கூடும். ஒரு முனைவர் பட்ட மாணவரின் மாதங்கள் இப்படி வீணாவது எனக்குத் தாங்கவில்லை.

‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற வரியைத் தரச் சான்றாகப் படிப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. மனித உடலில் செலுத்துவதற்கான தரத்தில் அது தயாரிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாகுளூடைடு போன்றவற்றை அந்த லேபிளின் மறைவில் மனிதப் பயன்பாட்டுக்கு விற்றவர்களுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 டிசம்பரில் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. இந்த வரியை அச்சிட்டுவிட்டு, பக்கத்திலேயே ஊசி அளவையும் சொல்லித்தரும் விற்பனையாளரிடம் ஆய்வகத்துக்குக்கூட வாங்காதீர்கள். தன் லேபிளிலேயே உண்மை பேசாதவர் சான்றிதழில் மட்டும் பேசுவாரா?

பணம் கட்டுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நீங்களே தயாரிக்கிறீர்களா, வேறிடத்தில் வாங்கி விற்கிறீர்களா? எனக்கு வரப்போகும் லாட்டின் மூலத் தரவுக் கோப்புகளைத் தர முடியுமா? எந்த உப்பு, நிகர அளவு எவ்வளவு? நல்ல நிறுவனங்களில் இதற்கு விவரம் தெரிந்த ஒருவர் பதில் எழுதுவார். ‘எங்கள் தரம் உலகத் தரம்’ என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். குப்பி கைக்கு வந்ததும் லாட் எண்ணை ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதி, தூளில் சிறிதளவைக் கரைக்காமல் மைனஸ் 20 டிகிரியில் ஒதுக்கி வையுங்கள். முடிவுகள் பொருந்தாமல் போகும் நாளில் வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்க அது தேவைப்படும்.