தொப்பி மட்டும் ஏன் உருளுகிறது?

என் மாடி அறை 12க்கு 10 அடி. வழவழப்பான டைல்ஸ், நான்கு பக்கமும் வெறும் சுவர், மூலையில் அம்மாவின் இரும்பு பீரோ. புது ஸ்பீக்கரில் கச்சேரி போட்டால் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) கும்மென்று உருண்டது, பாடகரின் சொற்கள் கலங்கின. ஆம்ப்ளிஃபையரை மாற்றலாமா என்று யோசித்துவிட்டு, சரி, முதலில் கைதட்டிப் பார்ப்போம் என்று தட்டினேன். பின்னாலேயே ‘டிர்ர்’ என்று ஒரு நடுக்கம். எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடினால் இப்படித்தான் கேட்கும்.

காசில்லாத வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். ஸ்பீக்கர்களைக் குட்டைச் சுவர்ப் பக்கம், மூலையை விட்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வு) அருகே ஒலி தேங்கி நிற்கும்; சுவரோரம் வீங்கும், நட்டநடுவில் காணாமல் போகும். அதனால் நாற்காலியை இரண்டு இடத்திலும் போடாதீர்கள். எனக்குப் பின்சுவரிலிருந்து நாலரை அடி சரியாக வந்தது. இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும்.

அப்புறம் கண்ணாடி. நீங்கள் உட்கார்ந்திருக்க, வேறொருவர் பக்கச் சுவரில் அதை நகர்த்தட்டும். ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் பென்சில் கோடு; ஒலி சுவரில் பட்டு உங்களிடம் திரும்புவது அங்கேதான். அங்கே 48 டென்சிட்டி (கன மீட்டருக்கு 48 கிலோ) ராக்வுல், அதாவது பாறை இழைப் பஞ்சு, இரண்டு அங்குலக் கனம், மரச்சட்டத்தில் அடைத்து, சுவருக்கும் அதற்கும் இரண்டு அங்குல இடைவெளி விட்டு மாட்டுங்கள். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், அரிக்கும். மேலே போர்த்த அப்பாவின் பழைய வேட்டியை எடுத்தேன். துணியில் வாய் வைத்து ஊதுங்கள். காற்று தாராளமாகப் போனால் போதும்.

முட்டை அட்டை, தெர்மோகோல் எல்லாம் வீண். ஜமுக்காளம் தரையில் கிடக்கட்டும், ஆனால் அது கூர்மையான ஒலியைத்தான் தணிக்கும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏழு மீட்டருக்குச் சற்றே குறைவு. அதை மெல்லிய துணி என்ன செய்யும்? மூலையில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினேன், கொஞ்சம் அடங்கியது. பெரும்பங்கு நாற்காலியை நகர்த்தியதில்தான் சரியானது.

‘கிர்ர்’ என்ற ஒரு அதிர்வு மட்டும் மிச்சம். போனை ஸ்பீக்கரோடு இணைத்து, ஒற்றைச் சுருதியை ஒலிக்கும் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 40 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றினேன். நூறைத் தாண்டியதும் பீரோவில் தொங்கிய சாவிக்கொத்து ஆடியது. கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். அம்மா இன்னும் தினமும் சாவி எங்கே என்று கேட்கிறாள்.