மழையை வைத்துப் புவியியல் கற்பித்தல்: ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் புவியியல் தனிப்பாடம் அன்று. வரலாறு, குடிமையியல், பொருளியல் ஆகியவற்றோடு சமூக அறிவியல் என்னும் ஒரே பாடத்துக்குள் அது அடங்கியிருக்கிறது. அதனால் கிடைக்கும் பாடவேளைகள் குறைவு. அவற்றிலும் பெரும்பகுதி மலைகள், ஆறுகள், பயிர்கள், கனிமங்கள் ஆகியவற்றின் பெயர்களை ஒப்புவிப்பதில் கழிந்துவிடுகிறது. பெயர்கள் வேண்டியவையே. ஆயினும் ஓரிடத்தில் இருப்பது பக்கத்து இடத்தில் ஏன் இல்லை என்னும் கேள்வி எழாத வகுப்பில் அந்தப் பெயர்கள் தேர்வு முடிந்த வாரமே மறந்துபோகின்றன. மாணவர் முதலில் தம் ஊகத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதன்பின் வரைபடத்தையோ அளந்த எண்ணையோ கொண்டு அதைச் சோதிக்க வேண்டும். இந்த இரண்டு படிகளும் எல்லாப் பாடங்களிலும் இதே வரிசையில் வர வேண்டும் என்பதே இங்கு நான் வலியுறுத்துவது. அதற்குத் தமிழ்நாட்டின் மழையைவிடப் பொருத்தமான பாடப்பொருள் வேறில்லை என்பது என் கருத்து. காலநிலை, நிலத்தோற்றம், ஆறு, வேளாண்மை, பேரிடர் ஆகிய பாடங்கள் அனைத்தும் அதில் வந்து சேர்கின்றன.

முதலில் ஒரு குச்சியும் நிழலும்

பருவக்காற்றைப் புரிந்துகொள்ளச் சூரியன் வடக்கும் தெற்குமாக நகர்வதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். பள்ளி திறக்கும் ஜூன் மாதம் இதற்கு மிக ஏற்றது. நண்பகலில் கொடிக்கம்பத்தின் நிழல் எந்தத் திசையில் விழும் என்று கேட்டு, ஒவ்வொருவரையும் விடை எழுதச் சொல்லுங்கள். பலர் வடக்கு என்பார்கள். நிழலே விழாது என்று சிலர் சொல்வார்கள். வெளியே அழைத்துச் சென்றால் நிழல் தெற்கே விழுந்திருக்கும், ஏனெனில் அப்போது சூரியன் கடகரேகைக்கு அருகே, தமிழ்நாட்டுக்கு வடக்கே, நிற்கிறது. ஜூன் 21-ஐ ஒட்டிச் செங்குத்தாக நட்ட ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் சென்னையில் சுமார் 18 செ.மீ., கன்னியாகுமரியில் சுமார் 27 செ.மீ. இருக்கும். தெற்கே போகப்போக நிழல் நீள்வது ஏன் என்பதை மாணவர்களே படம் வரைந்து கண்டுபிடிக்கட்டும். அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிட வேண்டாம்.

இதையே செப்டம்பர் 23-ஐ ஒட்டி மீண்டும் செய்தால் பள்ளியின் அட்சக்கோடு கிடைத்துவிடும். அன்று சூரியன் நிலநடுக்கோட்டின் மேல் இருப்பதால், சூரியன் தலையுச்சியிலிருந்து விலகியுள்ள கோணமே அந்த ஊரின் அட்சப் பாகை. ஒரு மீட்டர் குச்சிக்குச் சென்னையில் சுமார் 23 செ.மீ., மதுரையில் 17 அல்லது 18 செ.மீ., கன்னியாகுமரியில் 14 செ.மீ. நிழல் விழும். குச்சியையும் நிழலையும் அளவுத்திட்டத்தோடு தாளில் வரைந்து, கோணமானியால் கோணத்தை அளந்தால் போதும். பத்தாம் வகுப்பினர் முக்கோணவியலைப் பயன்படுத்தலாம். காலாண்டுத் தேர்வு குறுக்கிட்டு இரண்டு நாள் முன்பின் ஆனாலும் பிழை ஒரு பாகைக்குள்தான் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மிகக் குறுகிய நிழல் கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு விழுவதில்லை. இந்திய நேரம் 82°30' கிழக்குத் தீர்க்கக்கோட்டைக் கொண்டு வகுக்கப்பட்டது. தமிழ்நாடு முழுவதும் அதற்கு மேற்கே இருக்கிறது. ஆகவே 11.40 முதல் 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்து, அவற்றுள் குறுகியதை எடுத்துக்கொள்ள வேண்டும். கோவையில் அந்தக் கணம் சென்னையைவிட ஏறத்தாழ 13 நிமிடம் பிந்தி வரும். தீர்க்கக்கோட்டையும் நேரத்தையும் பற்றிய பாடத்துக்கு இதைவிட நேரடியான சான்று கிடையாது.

நிலத்தின் ஏற்ற இறக்கம்

மழை மறைவுப் பகுதியை, அதாவது மலை காற்றின் ஈரத்தைத் தடுத்துவிடுவதால் மழை குறைந்துபோகும் மறுபக்கத்தை, விளக்குமுன் மலையின் உருவத்தைத் தாளில் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் களிமண்ணால் இரண்டு குன்றுகளையும் நடுவே ஒரு கணவாயையும் செய்துகொள்ளுங்கள். இரண்டு செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நீர் தொடும் விளிம்பை ஆணியால் கீறி, மேலும் இரண்டு செ.மீ. ஊற்றி மீண்டும் கீறுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு நேர்மேலிருந்து பார்த்து மாணவர்கள் வரையும் வளையங்களே சம உயரக் கோடுகள். சரிவு செங்குத்தான பக்கத்தில் கோடுகள் நெருங்கியிருப்பதைத் தாங்களே வரைந்து பார்த்தவர்களுக்கு வரையறையை மனப்பாடம் செய்யும் தேவை இல்லை.

அடுத்து, 1:50,000 அளவையில் இந்திய நில அளவைத் துறை வெளியிட்டுள்ள தலப்படத்துக்கு, அதாவது நிலத்தின் உயரத்தையும் நீர்நிலைகளையும் விரிவாகக் காட்டும் வரைபடத்துக்கு, வாருங்கள். அதில் 2 செ.மீ. என்பது தரையில் ஒரு கி.மீ. பாடநூலில் உள்ள மாதிரிப் படத்தைவிடத் தம் ஊர் இருக்கும் தாளே வகுப்புக்கு உகந்தது. அத்துறையின் இணையதளத்திலிருந்து அதைத் தரவிறக்கலாம். சிவகங்கை, இராமநாதபுரம் போன்ற சமவெளி மாவட்டங்களில் சம உயரக் கோடுகள் அரிதாகவே தென்படும். அங்குள்ள ஆசிரியர்கள் சோர்வடைய வேண்டாம். அந்தத் தாள்கள் கண்மாய்களால் நிறைந்திருக்கும். கண்மாய்க் கரை எப்போதும் பள்ளமான பக்கத்தில்தான் கட்டப்படும் என்பதால், வரிசையாக அமைந்த கரைகளின் வளைவைப் பார்த்தே நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, ஒரு கண்மாயின் உபரிநீர் அடுத்து எதில் போய்ச் சேரும் என்று சொல்லிவிடலாம். அதே பகுதியை இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் படமாகத் திறந்து, எந்த நீர்வழி இன்று தெரியவில்லை என்று ஒப்பிடச் செய்யுங்கள். இந்த ஒரு பாடவேளைக்குப் பிறகு மாணவர்கள் பள்ளிக்கு நடந்துவரும் பாதையைப் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது.

அளவையைப் பற்றிப் பேசும்போது ஒரு வரலாற்றுச் செய்தியையும் சொல்லலாம். இந்தியத் துணைக்கண்டத்தை முக்கோண முறையில் அளந்த பெரும்பணிக்கான முதல் அடிக்கோட்டை, அதாவது மற்ற முக்கோணங்களைக் கணக்கிட அடிப்படையாகத் தரையில் நேரடியாக அளக்கும் கோட்டை, 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பகுதியில்தான், சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு, சங்கிலி கொண்டு அளந்தார்.

மழைப் பாடம்

இனி மையப் பொருள். முதல் வேலை மழைமானி. அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள பாத்திரம் ஒன்றும் ஓர் அளவுகோலும் போதும்; புனல் வைத்தால் புனலின் வாய் அகலமும் பாத்திரத்தின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு பொய்த்துவிடும். மரத்துக்கும் சுவருக்கும் விலகித் திறந்த வெளியில் வைத்து, இந்திய வானிலை ஆய்வுத் துறையைப் போலவே தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுத ஒரு குழுவை அமர்த்துங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மி.மீ. மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர் என்பதை அவர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும். எட்டு மீட்டருக்கு ஆறு மீட்டர் கொண்ட வகுப்பறைக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 480 லிட்டர் விழுகிறது என்று தெரியும்போது நாளிதழில் வரும் மழையளவு அவர்களுக்குப் பொருள் உள்ளதாகிறது.

இரண்டாவது வேலை வரைபடம். சென்னை, கோவை, கொச்சி ஆகிய மூன்று ஊர்களின் மாதவாரிச் சராசரி மழையைப் பட்டை வரைபடமாக வரையச் செய்யுங்கள். ஊர்ப்பெயரை மட்டும் மறைத்துவிட்டு, எது எந்த ஊர் என்று கேளுங்கள். கொச்சியில் ஜூன் மாதத்தில் மட்டும் 60 செ.மீ. அளவுக்குப் பெய்கிறது, சென்னையில் நவம்பரில் 35 செ.மீ.க்கு மேல் பெய்கிறது. கோவையிலோ ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 60 முதல் 70 செ.மீ.தான். இந்தியாவின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை நனையும்போது தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் ஏன் வருகிறது என்னும் கேள்வியை மாணவர்கள் தாம் வரைந்த பட்டைகளிலிருந்தே எழுப்புவார்கள்.

விளக்கத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடாமல் இரண்டாகப் பிரிப்பது நல்லது. முதற்பாதி மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது வெப்பமடைந்து வறண்டுவிடுகிறது. இதைக் கேட்டதும் கூர்மையான மாணவர் ஒருவர், ‘அப்படியானால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்கு மழை வர வேண்டுமே’ என்று கேட்பார். யாரும் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். சுமார் 30 கி.மீ. அகலமுள்ள அந்த இடைவெளியில் காற்றைத் தூக்கிவிட மலை இல்லை, ஆகவே காற்று வேகமாக வருகிறது, ஆனால் மழையாகக் குளிர்வதில்லை. ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்னும் பழமொழியும், பல்லடம், உடுமலைப் பகுதிகளின் காற்றாலைகளும், ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலின் காற்றாலைகளும் இந்தக் கணவாய்களோடு தொடர்புடையவை. செங்கோட்டைக் கணவாய்க்கு அருகே குற்றாலத்தில் அதே மாதங்களில் சாரல் விழுவது ஏன் என்பதை வீட்டுப்பாடமாகத் தரலாம்.

மறுபாதி வடகிழக்குப் பருவக்காற்று. சூரியன் தெற்கே நகர, தாழ்வழுத்தப் பட்டையும் தெற்கே நகர்கிறது. நிலப்பகுதியிலிருந்து புறப்படும் வறண்ட காற்று வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை ஏற்றுக்கொண்டு தமிழகக் கரையை அடைகிறது. ஜூனில் தெற்கே விழுந்த நிழல் டிசம்பரில் வடக்கே நீண்டு விழுவதை இந்த இடத்தில் நினைவூட்டுங்கள். முன்பு செய்த சோதனை இங்கே கைகொடுக்கும். வடகிழக்கு மழையில் பெரும்பங்கு ஒரே சீராகப் பெய்வதன்று, தாழ்வழுத்த மண்டலங்களாலும் புயல்களாலும் வருவது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாடம் அரைகுறையாகிவிடும். 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி அதைவிடக் குறைவு. அதுவும் புயலால் அன்று, குமரிக் கடல் பகுதியில் நிலைகொண்ட காற்றுச் சுழற்சியால் பெய்தது. சராசரி என்னும் எண் எவற்றையெல்லாம் மறைக்கிறது என்பதைப் பதினைந்து வயதில் அறிந்துகொள்வது வாழ்நாள் முழுவதற்கும் பயன்படும். 2015 சென்னை வெள்ளம், 2018 கஜா புயல் போன்றவற்றை எடுக்கும்போது, பாதிக்கப்பட்ட குடும்பத்து மாணவரை எழுப்பி அனுபவத்தைச் சொல்லச் சொல்ல வேண்டாம். அவர் தாமாகப் பேச முன்வந்தால் மட்டும் இடம் கொடுங்கள்.

மழையிலிருந்து ஆற்றுக்குப் போக ஒரு புதிர் உதவும். தஞ்சாவூரில் ஜூன் மாதம் மழை குறைவு. ஆயினும் குறுவைக்காக மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுவதே வழக்கம். அந்தத் தண்ணீர் எங்கே பெய்த மழை? விடை குடகு மலையில் இருக்கிறது: கர்நாடகத்தில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையைக் காவிரி டெல்டாவுக்குச் சுமந்துவருகிறது, அதற்குப் பின் வரும் சம்பாவுக்கு டெல்டாவின் சொந்த ஐப்பசி மழையும் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் யார் பாதிக்கப்படுவார்கள், வடகிழக்கு பொய்த்தால் யார் என்று இரண்டு குழுக்களாகப் பிரிந்து வரைபடத்தில் வண்ணமிடச் செய்யுங்கள். இரு பருவமழைகளாலும் நீர்பெறும் தாமிரபரணியை அதே வரைபடத்தில் ஒப்பிடலாம்.

வரைபடத்தில் குறித்தலும் மதிப்பீடும்

பொதுத்தேர்வில் வரைபடத்தில் இடங்களைக் குறிக்கும் வினா உண்டு. மதிப்பெண் தேவைப்படும் மாணவர்களுக்கு அதைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் புள்ளிகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, வெற்று வரைபடத்தில் முதலில் மலைத்தொடர், பிறகு மலையிலிருந்து புறப்படும் ஆறுகள், பிறகு காற்றின் திசை, கடைசியாகப் பயிர் என்னும் வரிசையில் தினமும் ஐந்து நிமிடம் வரையச் செய்வது மேல். நீலகிரியை வரைந்து காற்றையும் குறித்துவிட்ட மாணவர் தேயிலையைக் கடலோரத்தில் குறிக்க மாட்டார்.

வகுப்புத் தேர்வில் ஒரு வினாவையாவது பாடநூலில் இல்லாத ஊரின் மழைப் பட்டை வரைபடத்தோடு அமையுங்கள். ஊர் எந்தக் கரையில் இருக்கலாம் என்று சொல்வதற்கு ஒரு மதிப்பெண், வரைபடத்திலிருந்து எடுத்துக்காட்டும் சான்றுக்கு இரண்டு, காரணத்துக்கு இரண்டு என்று பிரித்தால், ஊர் தவறாகிப்போனாலும் சான்றோடு வாதிட்டவருக்கு உரிய மதிப்பெண் கிடைக்கும். இந்தப் பிரிப்பை வினாத்தாளிலேயே அச்சிட்டுவிடுங்கள்.