டே டிரேடர்களைப் பற்றிய செய்திகள் எங்கே சறுக்குகின்றன?

செய்திகளில் டே டிரேடருக்கு, அதாவது வாங்கியதை அன்றைக்கே விற்று லாபம் பார்க்க முயல்பவருக்கு, இரண்டே வேடம்தான்: ஒரே மாதத்தில் கோடி பார்த்தவர், இல்லையென்றால் வீட்டை விற்றுத் தெருவுக்கு வந்தவர். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கரைகிற பெருங்கூட்டம் செய்தியாவதே இல்லை.

முதல் கோளாறு, லாபத்துக்குச் சான்றாக டிரேடர் காட்டும் ஸ்கிரீன்ஷாட். அதில் பச்சையாகத் தெரியும் எண், இன்னும் விற்று முடிக்காமல் கையில் இருப்பதன் (பொசிஷன்) அந்த நிமிட மதிப்பாக இருக்கலாம். புரோக்கரேஜ் எனும் தரகுக் கட்டணமும் வரியும் கழிந்திருக்காது. அதே ஆளின் இன்னொரு கணக்கு என்ன நிலையில் இருக்கிறதென்றும் தெரியாது. நிருபர் கேட்டு வாங்க வேண்டியது, கட்டணங்கள் கழித்த ஓராண்டு லாப நஷ்ட அறிக்கை. ‘பத்துக்கு ஆறு டிரேடு லாபம்’ என்று பேட்டியில் சொன்னால் அதையும் அப்படியே போடக் கூடாது. 60 டிரேடில் தலா 100 லாபம், 40 டிரேடில் தலா 200 நஷ்டம் என்றால் கணக்கு 2,000 நஷ்டத்தில்தான் முடியும்.

அடுத்தது சதவீதம். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024-ல் வெளியிட்ட ஓர் ஆய்வுப்படி, பங்குகளில் இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது) செய்த தனிநபர்களில் 10-ல் 7 பேருக்கு 2022-23 நிதியாண்டில் நஷ்டம். 2024-லேயே செபி வெளியிட்ட இன்னோர் ஆய்வு, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனும் முன்பேர ஒப்பந்தங்கள்) தனிநபர்களில் 93% பேர் நஷ்டப்பட்டதாகச் சொன்னது. சந்தையும் வேறு, காலமும் வேறு. ‘டே டிரேடர்களில் 93% பேர்’ என்று தலைப்பு வைத்தால் இரண்டையும் போட்டுக் குழப்பியதாகிவிடும். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் பிரேசில் ஆய்வின் ‘97% பேருக்கு நஷ்டம்’ என்பதுகூட, ஃபியூச்சர்ஸில் 300 நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தவர்களைப் பற்றியது. பாதியில் கழன்றுகொண்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

இருப்பதிலேயே மலிவாகப் புழங்கும் சொல் ‘அடிமை’. எவ்வளவு போனது என்பதை வைத்து அதை முடிவுசெய்ய முடியாது. மனநலக் கோளாறுகளை வரையறுக்கும், 2013-ல் வந்த அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5-ல் ‘டிரேடிங் அடிமைத்தனம்’ என்று தனி நோயே கிடையாது. சூதாட்டக் கோளாறு இருக்கிறது; அதற்கு 9 அறிகுறிகள், 12 மாதத்துக்குள் குறைந்தது 4 தென்பட வேண்டும். ஆகவே கேள்விகள் நடத்தையைப் பற்றி இருக்கட்டும். விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பப் போனாரா? குறைத்துக்கொள்ளப் பார்த்து முடியாமல் போனதா? வீட்டில் மறைத்தாரா? கடனை அடைக்க அடுத்தவரிடம் கையேந்தினாரா? லாபத்தில் இருப்பவரிடமும் இவற்றில் சில இருக்கலாம். செய்திகள் கோட்டைவிடுவது இங்கேதான். நோய்ப் பெயரை மருத்துவர் சொல்லட்டும், நிருபர் முத்திரை குத்த வேண்டாம்.

தற்கொலைச் செய்தி என்றால் முறையை விவரிக்கக் கூடாது, ‘நஷ்டத்தால்’ என்று ஒற்றைக் காரணம் காட்டக் கூடாது, உதவி எண் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் இதுதான்.

பக்கத்தை ஏற்றும் முன் விளம்பரக் கட்டங்களையும் ஒருமுறை பாருங்கள். சீரழிந்த குடும்பத்தின் கதைக்குக் கீழேயே ‘இன்றே கணக்கு தொடங்குங்கள்’ என்று டிரேடிங் செயலி தானாக வந்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் அந்த வகை விளம்பரத்தை நிறுத்திவைக்க விளம்பரப் பிரிவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.