சீஸா, பர்கரா? ஒரு நகைக் கடைக்காரனின் எடைக் கணக்கு

கோயம்புத்தூர் பெரிய கடை வீதியில் ஒரு நகைக் கடையில் 22 வருடம் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. கடையை விட்டு வந்தபோது பழைய சின்ன மின்தராசு ஒன்றைக் கையோடு வாங்கி வந்துவிட்டேன். 0.01 கிராம் வரை காட்டும். சமையலறையில் 5 கிலோ வரை தாங்கும் இன்னொன்றும் இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்துத்தான் போன மாதம் ஒரு வழக்கைத் தீர்த்தேன்.

வழக்கைக் கொண்டுவந்தவன் அக்கா மகன். கல்லூரியில் இரண்டாம் வருடம். கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தான். ஏற்கெனவே அக்கா வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறான், "பர்கருக்குப் பதிலா வீட்ல ரெண்டு ரொட்டியும் சீஸும் தின்னா ஆகாதா?" என்று கேட்டிருக்கிறாள். இவன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். "மாமா, நீங்களே பாருங்க. 100 கிராம் செடார் சீஸ் 400 கலோரி. 100 கிராம் பர்கர் 270 தான். எது நல்லது?"

எண்கள் இரண்டும் சரிதான். கணக்குதான் தப்பு. கல் வைத்த ஆரத்தையும் வெறும் வளையலையும் தராசில் போட்டு, ஆரம்தான் எடை அதிகம், அதனால் அதில்தான் தங்கம் அதிகம் என்று சொல்வது மாதிரி. மொத்த எடை வேறு, நிகர எடை வேறு. கல்லைக் கழிக்காமல் விலை பேசினால் யாரோ ஒருவருக்கு நஷ்டம் நிச்சயம்.

சரி, எப்படிக் கழிப்பது என்று சொல்கிறேன். பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்பட வேண்டாம். நான் கலோரி என்று எழுதுவதெல்லாம் பாக்கெட்டில் கிலோ கலோரி என்று இருப்பதைத்தான்.

முதலில், ஒரு தடவைக்கு எவ்வளவு சாப்பிடுகிறோம்

100 கிராம் செடாரை யாரும் ஒரே மூச்சில் தின்பதில்லை. கட்டியாக வாங்கும் சீஸில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு வெட்டி வைத்தால் ஏறத்தாழ 30 கிராம். அது 120 கலோரி, 7 கிராம் புரதம், 10 கிராம் கொழுப்பு, 200 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே கால்சியம். தாளில் சுற்றி வரும் சீஸ் துண்டு பெரும்பாலும் 20 கிராம். 200 கிராம் பாக்கெட்டில் 10 இருக்கும். ஒன்று 60 கலோரிக்குப் பக்கம்.

பர்கரை யாரும் பாதி வைத்துவிட்டு எழுவதில்லை. மாப்பிள்ளை கொண்டுவந்தது கோழிக்கறி பர்கர், தராசில் 206 கிராம். கடைப் பலகையில் 560 கலோரி என்று போட்டிருந்ததாம். 10 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரியைக் காட்ட வேண்டும் என்று நம் நாட்டிலேயே விதி இருக்கிறது. பலகையில் விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். இதே வகையறாவில் உலகம் முழுக்கத் தெரிந்த மெக்டொனால்ட்ஸ் கடையின் பிக் மேக் பர்கரை எடுத்தால், அமெரிக்காவில் அது 600 கலோரியை ஒட்டி வரும், புரதம் 25 கிராம். ஆக, இவன் பர்கர் ஊரில் இல்லாத அதிசயம் ஒன்றுமில்லை.

ஒரு வேளைச் சாப்பாட்டையும் ஒரு கடி தொட்டுக்கையையும் 100 கிராம் என்ற ஒரே வரியில் நிறுத்தியதுதான் முதல் கோளாறு.

அடுத்து, தண்ணீரைக் கழிக்கவும்

இதுதான் நான் சொல்லும் கல் எடை. செடாரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் தண்ணீர். பர்கரில் ஏறத்தாழ பாதி. பாலில் 87 சதவீதம். ஒரு கிலோ செடாருக்குக் கிட்டத்தட்ட 10 லிட்டர் பால் போகிறது; தண்ணீரை வடித்து, புரதத்தையும் கொழுப்பையும் இறுக்கிக் கட்டிய பொருள் அது. 100 கிராமுக்கு 400 கலோரி வருவது அதனால்தான். (செடார் என்பது இங்கிலாந்தில் சோமர்செட் பக்கம் இருக்கும் ஒரு ஊர். நமக்கு ஊத்துக்குளி வெண்ணெய் மாதிரி அவர்களுக்கு அது.)

தண்ணீரை நிஜமாகக் காயவைத்துப் பார்க்கத் தேவையில்லை. இரண்டையும் 100 கலோரிக்கு என்று மாற்றி எழுதினால் போதும், தண்ணீர் தானாகக் கணக்கிலிருந்து ஓடிவிடும். பாக்கெட்டில் 100 கிராமுக்குக் கொடுத்திருக்கும் எண்ணை எடுங்கள். அதை அந்த 100 கிராமின் கலோரியால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். பர்கருக்கானால் முழுப் பர்கரின் எண்ணை முழுப் பர்கரின் கலோரியால் வகுக்க வேண்டும்.

நான் பழைய நோட்டில் எழுதியது இப்படி வந்தது. 100 கலோரி செடார் என்றால் 25 கிராம் துண்டு. அதில் புரதம் 6 கிராம், கொழுப்பு 8, மாவுச்சத்து ஒன்றுமில்லை என்றே சொல்லலாம், கால்சியம் 180 மில்லிகிராம், சோடியம் (உப்பில் இருப்பது) 160. 100 கலோரி பர்கரில் புரதம் 4, கொழுப்பு 6, மாவுச்சத்து 9, சோடியம் 180 சொச்சம். கால்சியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. இருப்பதும் உள்ளே வைத்த சீஸ் துண்டின் புண்ணியம்.

மாப்பிள்ளை நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கொழுப்பு சீஸ்லதான் அதிகம்" என்றான். உண்மைதான். அதிலும் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அதை மறைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் சீஸ் கம்பெனியின் ஆள் இல்லை.

பர்கரைப் பிரித்துப் பார்த்தது

இதற்குள் பர்கர் ஆறிவிட்டது. ஆறினால் என்ன, பிரிக்க வசதி. தட்டைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். பன் இரண்டு பாதியும் சேர்த்து 70 கிராம். பொரித்த கோழி வட்டம் 92. சீஸ் துண்டு வெறும் 14. கீரை இலை மாதிரி இருந்த லெட்டூஸ் 10. கடைசியில் மயோனைஸ். அது பன்னில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. ஒரு ஸ்பூனை வைத்துப் பூஜ்யமாக்கி, அந்த ஸ்பூனாலேயே பன்னையும் கோழியையும் சுரண்டி எடுத்து மறுபடி வைத்தேன். 20 கிராம். பன்னுக்குள் ஊறிப்போனதை விட்டுவிட்டேன். அதைச் சேதாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் 100 கிராம் கணக்கு தெரிந்தால் போதும். பன் 270 போட்டால் 190 கலோரி. பொரித்த கோழி 250 போட்டால் 230. மயோனைஸ் 650 போட்டால் 130. சீஸ் 45. இலைக்கு இரண்டு. கூட்டினால் 597. பலகை சொன்னது 560. நகைக் கடையில் இந்த வித்தியாசம் வந்திருந்தால் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். சாப்பாட்டுக் கணக்கில் இது பரவாயில்லை.

பார்க்க வேண்டியது வேறு. மயோனைஸ் எடையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, கலோரியிலோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். பொரித்த கோழியின் கொழுப்பைவிட அந்த ஒரு ஸ்பூன் வெள்ளைக் குழம்பின் கொழுப்பு குறைவில்லை. "சீஸ் வேண்டாம்னு சொல்லி வாங்குங்க, குறையும்" என்று அறிவுரை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சீஸை எடுத்தால் 45 குறையும், கூடவே கால்சியமும் போகும். மயோனைஸை எடுத்தால் 130 குறையும், போவது எண்ணெய்தான். எதைச் சொல்லி வாங்குவது என்று நீங்களே பாருங்கள்.

உப்பில் சீஸ் தோற்ற கதை

இதுவரை பார்த்தது செடார். ஆனால் எங்கள் அக்கா வீட்டுக் குளிர்பெட்டியில் இருப்பது செடார் கட்டி இல்லை, தாளில் சுற்றிய துண்டு. அது பிராசஸ்டு சீஸ். சீஸை உருக்கி, பிரியாமல் இருக்கச் சோடியம் சிட்ரேட், சோடியம் பாஸ்பேட் மாதிரி உப்புகளைச் சேர்த்து மறுபடி உறையவைத்தது. பாக்கெட்டில் ஐஎன்எஸ் 331, 339, 452 என்று எண்களாக இருக்கும். பேரிலேயே சோடியம் இருக்கிறது அல்லவா? அவள் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 1,300 மில்லிகிராம் சோடியம். 100 கலோரிக்கு மாற்றினால் 420 வருகிறது. பர்கருக்கு 180. அதாவது கலோரிக்குக் கலோரி வைத்தால் துண்டு சீஸ் பர்கரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உப்பு.

இதைச் சொன்னதும் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவளுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. "அப்ப நான் இத்தனை நாளா டீயோட தின்னது என்ன தம்பி?" என்றாள். ஒரு துண்டு என்றால் 260 மில்லிகிராம், பெரிய ஆபத்தில்லை. நாலு துண்டு என்றால் ஒரு பர்கரின் உப்பு வந்துவிடுகிறது.

சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. முழுப் பர்கரில் 1,000 மில்லிகிராம் என்று கம்பெனியே போட்டிருந்தது, அதாவது 2.5 கிராம் உப்பு. என் சின்னத் தராசில் தாளை வைத்து, டப்பாவிலிருந்து 2.50 வரும்வரை உப்பைத் தட்டிக் கொட்டினேன். அரை டீஸ்பூன் குவியல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாள் முழுக்க 5 கிராமுக்குள். பாதி அங்கேயே முடிந்தது. இனிமேல்தான் ராத்திரி ரசம், ஊறுகாய் எல்லாம்.

பாக்கெட்டில் இன்னொன்றும் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வரும். சீஸ் என்று நினைத்து எடுத்ததில் தாவர எண்ணெய், ஸ்டார்ச் என்று ஆரம்பித்தால் அது முலாம் பூசிய உருப்படி. அதற்கு மேலே சொன்ன கால்சியம், புரதக் கணக்கு எதுவும் பொருந்தாது.

யாருக்கு எதைப் பார்ப்பது

எனக்குச் சர்க்கரை. அதனால் நான் முதலில் பார்ப்பது மாவுச்சத்தை. பர்கரில் 50 கிராம், பெரும்பாலும் மைதா. 30 கிராம் செடாரில் ஒரு கிராம்கூட இல்லை. எனக்கு விடை சுலபம். அக்கா சோடியத்தை மட்டும் பார்த்தால் போதும். அவளுக்குத் துண்டைவிடக் கட்டி செடார் மேல், அதைவிட உப்புப் போடாத பனீர் மேல். மாப்பிள்ளை உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறான், கேட்பது புரதம். முழுப் பர்கரில் 23 கிராம் இருக்கிறது. அதே 23 கிராமைச் செடாரில் எடுக்க வேண்டுமானால் 95 கிராம் தின்ன வேண்டும், 380 கலோரி, 30 கிராமுக்கு மேல் கொழுப்பு. நாலு முட்டை அவித்தால் 300 கலோரியில் முடிகிற வேலை. அவனிடம் சொன்னேன், கேட்டுக்கொண்ட மாதிரி தலையாட்டினான்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றாகப் பழுத்த செடாரில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஏறக்குறைய இருக்காது; பால் குடித்தால் வயிறு உப்புகிற பலருக்கும் அது ஒத்துப்போகும். கால்சியம் ஒரு பெரியவருக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது; தீப்பெட்டித் துண்டு அதில் ஐந்தில் ஒரு பங்கு. நார்ச்சத்துக்கும் வைட்டமின் சி-க்கும் சீஸை நம்பாதீர்கள், சுத்தமாகக் கிடையாது.

பர்கரோடு குளிர்பானமும் உருளைக்கிழங்கு வறுவலும் சேர்த்து வாங்கினால் இந்தக் கணக்கு முழுவதையும் திருப்பிப் போட வேண்டும். 300 மில்லி கோலாவில் மட்டும் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை.

எல்லாம் முடிந்து பர்கரை மறுபடி அடுக்கிக் கொடுத்தேன். குளிர்ந்து போயிருந்தது, அவன் கவலைப்படவில்லை. மயோனைஸ் வழித்த ஸ்பூனைக் கழுவலாம் என்று திரும்பினால் அது பளபளவென்று சுத்தமாக இருந்தது. நோட்டில் 130 என்று எழுதியதை அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.