மாரிமழையும் நத்தார் வாரமும்: சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் சொந்தங்கள் இந்த நாட்களில் வீடியோ அழைப்பில் பனிப்பொம்மை செய்து காட்டுவார்கள். அதைப் பார்த்தால் நம் பிள்ளைகளுக்கும் வீட்டுக்குள் கால் தரிக்காது. மட்டக்களப்பில் பனி கொட்டாது, மார்கழி மழைதான் கொட்டும். அப்போது நாம் செய்யும் முதல் பிழை, கதவைச் சாத்திப் போனைக் கையில் கொடுத்துவிடுவது. நனைந்தால் தடிமன் பிடிக்கும் என்ற பயம். தடிமனுக்குக் காரணம் வைரஸ். இடி மின்னல் இல்லாத நேரம் முற்றத்தில் கொஞ்ச நேரம் துள்ளட்டும். வந்ததும் தலையைத் துவட்டி, காய்ந்த உடுப்பு மாற்றி, சுடச்சுட ஏதாவது குடிக்கக் கொடுத்தால் போதும். கைக்குழந்தையை மட்டும் நனைய விடாதீர்கள். அதற்கு உடல் சூடு சட்டென்று இறங்கிவிடும்.

பயப்பட வேண்டியது நிலத்தில் தேங்கி நிற்கும் வெள்ளத்துக்குத்தான். கணுக்கால் அளவுதானே என்று பிள்ளையை இறக்கி விடுகிறோம். அந்தத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். காலில் சின்னக் கீறல் இருந்தாலே எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போக அது போதும். காய்ச்சல் ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்தும் வரும் என்பதால் வெள்ளத்தில் விளையாடியதை நாமே மறந்திருப்போம். டொக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். மூடியில்லாத வடிகானும் கிணற்றடியும் வெள்ளத்தில் ஒரே மட்டமாகத் தெரியும். வாவிக்கரை வளவுகளில் முதலை பயமும் உண்டு.

கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தாலும் நம்ப வேண்டாம். நம்முடைய மணல் நிலத்தில் வெள்ளம் ஏறினால் மலகூடக் குழித் தண்ணீர் கிணற்றுக்கு வர அதிக நேரம் ஆகாது. நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டே கொடுங்கள். வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்துக் குளோரின் போடுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

மழைக்காலம் டெங்குக் காலமும்தான். காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும், அதுவும் பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவில். அஸ்பிரின், இபுபுரோபன் வேண்டவே வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் டெங்கு ஆபத்தாக மாறும். அப்போது பிள்ளை சோர்ந்து, வயிறு வலிக்கிறது என்று அழுதால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

இனி பாலன் குடில். வைக்கோல் பரப்பி, அதன் மேல் பனி என்று பஞ்சைத் தூவி, பக்கத்திலேயே மெழுகுதிரி ஏற்றுவது பல வீடுகளில் வழக்கம். பஞ்சும் வைக்கோலும் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். திரியைக் குடிலுக்குள் வைக்காமல், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தனியாக ஏற்றுங்கள். வாசலில் தொங்கும் நட்சத்திரக் கூட்டின் வயர் இணைப்பு மழையில் நனையக் கூடாது. மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, பாட்டுப் பாடும் வாழ்த்து மட்டைக்குள்ளும் மின்னும் விளையாட்டுச் சாமானுக்குள்ளும் இருக்கும் பொத்தான் பற்றரி. இனிப்பென்று நினைத்துப் பிள்ளை விழுங்கினால் அது தொண்டையில் சிக்கி, இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அழுகை நிற்கட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். உடனே 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்து அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

நள்ளிரவுத் திருப்பலிக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, பிள்ளையை உங்கள் மழைக்கோட்டுக்குள் மூடி உட்கார வைப்பதும் பிழை. மூச்சு முட்டும், கோட்டின் நுனி சில்லில் சிக்கவும் கூடும். பிள்ளைக்கென்று சின்ன மழைக்கோட்டும், பொலித்தீன் பையில் மாற்றுடுப்பும் எடுத்துச் செல்லுங்கள். ரோட்டுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் திரும்பிவிடுங்கள், நத்தார் காலையிலும் பூசை உண்டு.