தூசு நோய்க்கு நட்டஈடு கேட்பவர்கள் விடும் பிழைகள்

வன்னியில் கருங்கல் குவாரியிலும் கல்லை நொறுக்கும் கிரஷரிலும் வேலை செய்து நெஞ்சு பழுதானவர்களுக்கு நட்டஈட்டு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். இந்த உதவிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், நாங்கள் தொடக்கத்தில் விட்ட பிழைகளையே திரும்பவும் விடுகிறார்கள். கையெழுத்து மறந்தது, அடையாள அட்டைப் பிரதி வைக்காதது போன்றவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. அவற்றை அலுவலகத்திலேயே திருத்திவிடலாம்.

கிளினிக்கில் "கூலி வேலை" என்று சொல்லிவிட்டு வருவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதற்குத்தான்.

2009க்குப் பிறகு ஏ9 வீதியைத் திருத்தினார்கள். ரயில் 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப ஓடியது. வீடு, மதகு, வீதி எல்லாவற்றுக்கும் கல் வேண்டியிருந்தது. அப்போது கல் துளைக்கவும் உடைக்கவும் போன பொடியன்கள்தான் இப்போது மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கல் தூசிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். அந்தச் சிலிக்கோசிஸ் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் போன பிறகே வெளியே தெரியும். அதற்குள் ஆள் குவாரியை விட்டு வயலுக்குத் திரும்பியிருப்பார். "என்ன தொழில்?" என்று கேட்டால் "கமம்" என்பார், இல்லாவிட்டால் "கூலி" என்பார். அதுவே கிளினிக் கொப்பியில் ஏறிவிடும்.

செட்டிகுளம் பக்கத்து அண்ணர் ஒருவருக்கு நடந்தது இது. எக்ஸ்ரேயில் நெஞ்சின் மேல்பக்கம் நிழல் விழுந்திருந்தது. பார்த்தால் காசநோய் மாதிரியே இருக்கும். சளியில் கிருமி இல்லை. என்றாலும் ஆறு மாதம் காசநோய் மருந்து குடித்தார். மூச்சு சீராகவில்லை. அப்புறம் முட்டு (ஆஸ்துமா) என்று பம்ப் கொடுத்தார்கள். கொப்பி முழுக்கக் காசநோய், முட்டு, கமம். கல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நட்டஈட்டு விசாரணையில் முதலாளியின் சட்டத்தரணி அந்தக் கொப்பியையே எடுத்து வாசித்தார். கூட வேலை செய்த இரண்டு பேர் வந்து சாட்சி சொல்லியும் பலனில்லை. வருடக்கணக்காகத் துளை மெஷின் பிடித்த மனிதர் வெறுங்கையோடு வீடு போனார்.

"டொக்டர் கேட்கவில்லையே" என்பார்கள். கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: எந்தக் குவாரி, துளைப்பா, உடைப்பா, கிரஷர் வாயில் நிற்பதா, எந்த வருடம் தொடங்கி எந்த வருடம் வரை, தூசு அடங்கத் தண்ணீர் அடித்தார்களா, முகமூடி தந்தார்களா. அதை எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுதியது ஆங்கிலமாக இருந்தால் படித்த பிள்ளை ஒன்றிடம் அன்றைக்கே காட்டுங்கள். இது காசுக்காக மட்டும் இல்லை. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் இலகுவில் தொற்றும், இரண்டும் சேர்ந்தும் இருக்கும். கல் வேலை என்று தெரிந்தால்தான் டொக்டர் இரண்டையும் தேடுவார்.

குவாரிக்கு அனுமதி இல்லை, சொன்னால் முதலாளிக்குப் பிரச்சினை என்று மறைப்பவர்களும் உண்டு. அனுமதி எடுப்பது முதலாளியின் பொறுப்பு. அதற்காக நீங்கள் ஏன் நோயை மறைக்கவேண்டும்?

பழைய எக்ஸ்ரேயை எறிவது

எறியாதீர்கள். கறையான் அரிக்காத இடத்தில் வையுங்கள்.

"வேலையை விட்டு நாளாகிவிட்டது" என்று ஒதுங்குவது

தூசை விட்டு விலகிய பிறகும் இந்த நோய் கூடிக்கொண்டு போகலாம்.

வேலை செய்ததற்கு அத்தாட்சி இல்லை என்று கைவிடுவது

ஊழியர் சேமலாப நிதி கட்டியிருந்தால் அந்தக் கணக்கே உங்கள் சாட்சி; எந்த முதலாளி, எந்தக் காலம் என்று அதிலேயே வரும். கட்டாதவர்கள் சம்பளத் துண்டு, கூட வேலை செய்தவர்களின் சத்தியக் கடதாசி என்று கிடைப்பதையெல்லாம் சேருங்கள். கூட்டாளிகளும் நோயாளிகள்தான் என்பதால் சத்தியக் கடதாசியை முதலில் எடுங்கள்.

பொலிஸில் இருந்தவர் இந்த மனுவை நிரப்புவது

நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். பொலிஸாரும் படையினரும் அதற்குள் வரமாட்டார்கள். வீதித் தூசில் வருடக்கணக்காக நின்ற உத்தியோகத்தர் தன் திணைக்களத்தின் வழியாகத்தான் கேட்கவேண்டும். கொப்பியில் தொழிலைச் சரியாக எழுதுவிப்பது அவருக்கும் பொருந்தும்.

முதலாளி நீட்டும் காசுக்குக் கையெழுத்து வைப்பது

தொழில் அலுவலகத்தில் காட்டாமல் எதிலும் வைக்காதீர்கள்.

நாள் தள்ளுவது

மனுவுக்குக் கால எல்லை உண்டு. நோயின் பெயர் கொப்பியில் ஏறிய கிழமையே போங்கள்.