தின் ஃபிலிம் ஸ்கிர்மியான்: டிஃபெக்ட் விஷயத்துல அடிக்கடி நடக்குற தப்புங்க

ஸ்கிர்மியான்னா காந்தப் பொருளுக்குள்ள அணுக்களோட காந்தத் திசை சுழல் மாதிரி திரும்பி நிக்கிற ஒரு குட்டி வட்டம். அதைப் பத்தி எதை எடுத்துப் படிச்சாலும் ஆரம்பத்துலயே "டோபாலஜிக்கல் பாதுகாப்பு இருக்கு, டிஃபெக்ட் ஒண்ணும் பண்ணாது"ன்னு ஒரு வரி வந்துடும், பாதி குழப்பம் அங்கயே ஆரம்பிச்சிடுது. அந்தப் பாதுகாப்போட அர்த்தம் ரொம்ப சின்னது: காந்தத் திசைய எங்கயும் முறிக்காம மெல்ல மெல்லத் திருப்பியே அந்தச் சுழல அவிழ்த்துட முடியாது, அவ்வளவுதான். நிஜ ஃபிலிம் அணுக்களால ஆனது, அதனால ஸ்கிர்மியான அழிக்க ஒரு எனர்ஜி பேரியரத் தாண்டினா போதும், எக்ஸ்சேஞ்ச் (பக்கத்து அணுக்களோட காந்தத்த ஒரே திசையில வைக்கிற விசை) பலவீனமா இருக்கிற இடத்துலயும் ஃபிலிம் ஓரத்துலயும் அந்த பேரியர் இன்னும் இறங்கிடும். இன்னொண்ணு, அழியாம இருக்கிறது வேற, மாட்டிக்காம நகர்றது வேற. ரெண்டாவதுக்கு டோபாலஜி எந்த கேரண்டியும் குடுக்கல.

அடுத்தது ஒரு பழைய நம்பர். 2009ல மாங்கனீஸ் சிலிசைடு கிரிஸ்டல்ல நியூட்ரான் வச்சு ஸ்கிர்மியான் லேட்டிஸ, அதாவது வரிசையா அடுக்கின மாதிரி இருக்கிற ஸ்கிர்மியான் கூட்டத்தப் பாத்தாங்க, 2010ல சதுர மீட்டருக்கு வெறும் 10 லட்சம் ஆம்பியர் அளவு கரண்ட்லயே அது அசையுதுன்னு காட்டினாங்க. இந்த நம்பர அப்படியே தூக்கிட்டு வந்து பிளாட்டினம்-கோபால்ட் அடுக்குக்கும் "ரொம்ப கம்மி கரண்ட் போதும்"னு எழுதுறவங்க இன்னும் இருக்காங்க. அது சுத்தமான ஒத்தக் கிரிஸ்டல், 30 கெல்வினுக்கும் கீழ, எக்கச்சக்க ஸ்கிர்மியான் ஒரே லேட்டிஸா சேர்ந்து அசையுது. ஸ்பட்டரிங்ல (உலோகத்துல இருந்து அணுக்களத் தெறிக்க வச்சுப் படிய வைக்கிற முறை) போட்ட ஃபிலிம்ல, ரூம் டெம்பரேச்சர்ல, தனித்தனி ஸ்கிர்மியான வேகமா ஓட்டணும்னா சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் கோடி ஆம்பியர் ரேஞ்சுக்குப் போக வேண்டியிருக்கு. ஸ்கிர்மியானத் தள்ளுற டார்க் (முறுக்கு விசை) வர்ற வழியும் ரெண்டுலயும் வேறதான், இருந்தாலும் இந்த இடைவெளில பின்னிங்கோட (ஸ்கிர்மியான் டிஃபெக்ட்ல மாட்டி நிக்கிறது) பங்கு பெருசு.

என்னைக் கேட்டா எல்லாத்தயும் விட மோசமான தப்பு, டிஃபெக்ட்ட ஒரு புள்ளியாவும் ஸ்கிர்மியான இன்னொரு புள்ளியாவும் நினைக்கிறதுதான். பந்து குழியில விழுந்து நிக்கிற மாதிரி ஒரு படம் மனசுல வந்துடும், அதுக்கப்புறம் எல்லா கணக்கும் அந்தப் படத்துக்கு ஏத்த மாதிரியே போகும். தின் ஃபிலிம்ல டிஃபெக்ட்னா பெரும்பாலும் எங்கயோ ஒரு அணு காணாமப் போனது இல்ல. கோபால்ட் அடுக்கு 1 நானோமீட்டர் தடிமன்னு வச்சுக்கோங்க, அதாவது கிட்டத்தட்ட 5 அணு அடுக்கு, அதுல ஒரு இடத்துல ஒரே ஒரு அடுக்கு கூடினாலோ குறைஞ்சாலோ தடிமன் 20 சதவீதம் மாறிடுது, அனிசோட்ரோபியும் (காந்தம் எந்தத் திசைய விரும்புதுங்கறது) டிஎம்ஐயும் (பக்கத்து அணுக்களோட காந்தத்த ஒண்ணுக்கொண்ணு சாய வைக்கிற விசை) இன்டர்ஃபேஸ்ல, அதாவது ரெண்டு அடுக்கு சேர்ற இடத்துல இருந்து வர்ற விஷயம்ங்கறதால ரெண்டும் கூடவே மாறும். ஆக கிரெயினுக்கு (ஃபிலிம்ல இருக்கிற குட்டிக் கிரிஸ்டல் துண்டு) கிரெயின் எனர்ஜி மேடும் பள்ளமுமா ஃபிலிம் முழுக்கப் பரவிக் கிடக்கு. இதுல ஸ்கிர்மியானோட எந்தப் பகுதி மாட்டுது? கொஞ்சம் பெரிய ஸ்கிர்மியான்னா நடுப்பகுதி கிட்டத்தட்ட ஒரே சீரா இருக்கும், திசை மாறுறது சுத்தி இருக்கிற எல்லைச் சுவர்ல மட்டும்தான், அந்தச் சுவர்தான் எனர்ஜி கம்மியான இடமாத் தேடிப் பிடிச்சு ஒட்டிக்குது, அதனாலதான் வட்டமா இருக்க வேண்டியது கோணல்மாணலாத் தெரியுது. வெளிக் காந்த ஃபீல்ட மாத்தினா ஸ்கிர்மியான் சைஸ் மாறும், உடனே அது நிக்கிற இடமும் மாறும், ஏன்னா இப்போ சுவர் வேற இடத்து மேல போகுது. ஒரு ஃபீல்டுல எடுத்த பின்னிங் மேப்ப இன்னொரு ஃபீல்டுக்கு அப்படியே நம்பக்கூடாது. கிரெயின் சைஸும் ஸ்கிர்மியான் சைஸும் பக்கத்துல பக்கத்துல இருக்கும்போதுதான் பின்னிங் ரொம்ப பலமா இருக்கும், கிரெயின் ரொம்ப பொடிசா இருந்தா எல்லாம் ஆவரேஜ் ஆகிப் போயிடும்.

தள்ளுற திசைல இருந்து ஸ்கிர்மியான் பக்கவாட்டுல விலகிப் போற கோணம்தான் ஹால் ஆங்கிள், அதுலயும் இதே கதை. சீரான ஃபிலிமுக்குத் தீலே சமன்பாடு (ஸ்கிர்மியான் நகர்வக் கணக்குப் போடுறது) போட்டா, ஸ்கிர்மியான் சைஸ் மாறாத வரைக்கும் ஆங்கிள் வேகத்தப் பொறுத்தது இல்லன்னு வரும். 2017ல வந்த அளவீடுகள்ல கம்மி டிரைவ்ல (தள்ளுற கரண்ட்) ஆங்கிளும் கம்மியாவே இருந்து டிரைவ் ஏற ஏற அதுவும் ஏறுச்சு, டிஃபெக்ட் நெரிசல்ல மாட்டி மாட்டிப் போறப்போ பக்கவாட்டு நகர்வு அடிபடுறதுதான் இதுக்கு முக்கியமா சொல்ற காரணம். அதனால மெதுவா ஊர்ற நிலைல ஒரு ஆங்கிள அளந்து, அதுல இருந்து டேம்பிங் (காந்தத்தோட அசைவு எவ்வளவு சீக்கிரம் அடங்குதுங்கறது) கணக்குப் போடாதீங்க. வேகத்த ஆவரேஜ் எடுக்கும்போதும் நகர்ந்த ஸ்கிர்மியான மட்டும் எண்ணிட்டு நின்னுபோனத விட்டுட்டா நம்பர் அழகா வரும், ஆனா சாம்பிள் அப்படி இல்ல.

சிமுலேஷன்ல கிரெயின் போடவே போடாம ஓட்டுறது தெரிஞ்ச தப்பு. மும்மேக்ஸ்3ங்கற சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல வொரொனாய் (இடத்த ரேண்டமாத் துண்டு போடுற முறை) வச்சு கிரெயின் போட்டாச்சு, வேலை முடிஞ்சதுன்னு ஒரே ஒரு ரேண்டம் சீடோட, அதாவது ஒரே ஒரு கிரெயின் அமைப்போட நிறுத்திக்கிறத யாரும் அவ்வளவாத் திட்டுறதில்ல, அந்த ஒரு சீடுல ஸ்கிர்மியான் வழியில பெரிய பள்ளம் வராமப் போனது வெறும் லக்கா இருக்கலாம். டெம்பரேச்சர் 0 கெல்வின்லயே வச்சுட்டு, ரூம் டெம்பரேச்சர்ல எடுத்த த்ரெஷோல்டோட (ஸ்கிர்மியான் நகர ஆரம்பிக்கிற கரண்ட்) ஒப்பிடுறதும் அதே ரகம்.

ஹால் ரெசிஸ்டன்ஸ் (கரண்டுக்குக் குறுக்கே வர்ற வோல்டேஜ வச்சு அளக்குறது) கர்வ்ல ஒரு மேடு தெரிஞ்சா உடனே "டோபாலஜிக்கல் ஹால், ஸ்கிர்மியான் இருக்கு"ன்னு குதிக்காதீங்க. ஃபிலிம்ல தடிமன் சீரா இல்லாம ரெண்டு பகுதி இருந்து, ரெண்டுக்கும் அனாமலஸ் ஹால் சிக்னல் (ஃபிலிமோட காந்தத்தால வர்ற பங்கு) எதிரெதிர் குறியோட, வேற வேற ஃபீல்டுல திரும்பினாலும் கூட்டிப் பாத்தா அச்சு அசலா அதே மேடு வரும். ஸ்ட்ரான்டியம் ருத்தினேட் ஃபிலிம் விஷயத்துல இதுக்காகவே பெரிய சண்டை ஓடுச்சு. இமேஜிங் இல்லாம அந்த மேட்ட மட்டும் வச்சு க்ளெய்ம் பண்றது ரிஸ்க்.

டிஃபெக்ட்டே இல்லாத ஃபிலிம்தான் லட்சியம்னு நினைக்கிறதும் முழுசா சரியில்ல, புதுசா ஸ்கிர்மியான உருவாக்க பலவீனமான இடம்தான் உதவுது, அங்கதான் பேரியர் கம்மி. ஃபிலிம்ல ஒரு பட்டை மேல மட்டும் ஹீலியம் அயான் அடிச்சு அனிசோட்ரோபியக் குறைச்சு, அந்தப் பட்டையிலயே ஸ்கிர்மியான் உருவாகி ஓடுற மாதிரியும் பண்ணிக் காட்டியிருக்காங்க. ஆனா டோஸ்ல கை நீளக்கூடாது, அனிசோட்ரோபி ரொம்ப இறங்கிட்டா காந்தத் திசை ஃபிலிம் தளத்துலயே படுத்துடும், அப்புறம் அந்தப் பட்டையில ஓட்டுறதுக்கு ஸ்கிர்மியானே இருக்காது.